குளிரும் மேலங்கியும்

வட ஐரோப்பாவின் மாரிகாலத்திற் கம்பளி மேலங்கியை அலங்காரப் பொருளெனக் கொள்ளல் பொருந்தாது. ஆறுகள் உறைந்து பாதைகளாகிவிடும் அந்நாட்களில், ஒருவன் வேலைக்குச் செல்வதும் நண்பரைக் காண்பதும் அவன் தோளிற் கிடக்கும் துணியைப் பொறுத்தனவாகவே அமைகின்றன.

மேலங்கி தரும் வெம்மை பெரும்பாலும் அதனை அணிந்தவனுடையதே. ஆட்டு மயிரின் இயல்பான சுருள்கள் தம்மிடையே காற்றைச் சிறைப்படுத்துகின்றன. அசையாக் காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாதாகையால் உடலின் சூடு உள்ளேயே நிலைக்கின்றது. துணி நைந்து, குளிர்காற்று ஊடுருவத் தொடங்கியதும் இக்காப்புக் குலைந்துவிடுகிறது.

இக்குலைவிலிருந்தே, 1842ஆம் ஆண்டில் வெளியான ‘மேலங்கி’ என்னும் கதையை நிக்கலாய் கொகோல் வளர்த்துச் செல்கிறார். பீற்றர்ஸ்பேர்க் நகரில் ஆண்டுக்கு 400 ரூபிள் சம்பளம் பெறும் இலிகிதர் அக்காக்கி அக்காக்கியெவிச்சின் பழைய அங்கி, முதுகிலும் தோளிலும் சல்லடையாகிவிடுகிறது. இனி ஒட்டுப்போட வழியில்லை என்கிறான் தையற்காரன். புதியதற்கு 80 ரூபிள் வேண்டும்; அது ஆண்டு வருமானத்தில் ஐந்திலொரு பங்கு. மாலைத் தேநீரைக் கைவிட்டு, மெழுகுதிரி ஏற்றாது, சப்பாத்தின் அடி தேயாதிருக்க நுனிக்காலில் நடந்து அவர் பணம் சேர்க்கிறார். கழுத்துப்பட்டிக்குப் பூனைத்தோலே வாய்க்கிறது. ஆயினும் அங்கியை அணிந்து சென்ற அன்று, அதுவரை எள்ளிய சக ஊழியர்கள் அவரை வாழ்த்துகின்றனர், விருந்துக்கும் அழைக்கின்றனர். அன்றிரவே அங்கி பறிபோகிறது. முறையிடச் சென்ற இடத்தில் உயரதிகாரியின் அதட்டலே கிடைக்கிறது. பனிப்புயலில் நடந்து வீடு திரும்பியவர் காய்ச்சலில் மடிகிறார். அவ்விறப்பிற் குளிருக்கும் பங்குண்டு. அந்த அதட்டலுக்கும் பங்குண்டு.

கதையின் துயருக்கு நெருங்கியதொன்று, பத்தாண்டுகளின் பின் ஓர் அறிஞரின் வாழ்விலும் நேர்ந்தது. இலண்டனின் சோகோ பகுதியில் வறுமையுற்றிருந்த கார்ல் மார்க்ஸ், தம் மேலங்கிகள் அடைவிலிருப்பதால் வெளியே செல்ல இயலவில்லையென 1852 பெப்ரவரியில் ஏங்கெல்சுக்கு எழுதினார். 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்திற் பண்டங்களின் பெறுமதியை விளக்க அவர் எடுத்தாண்ட உதாரணம், 20 யார் லினன் துணி ஒரு மேலங்கிக்குச் சமம் என்பதாகும். உடலைக் காத்தல் அங்கியின் பயன்பெறுமதி. வேறொன்றுக்கு மாற்றப்படுதல் அதன் பரிமாற்றப் பெறுமதி. இவ்விரண்டும் ஒரே பொருளில் உறையினும், வறியவனால் இரண்டையும் ஒருங்கே அனுபவிக்க முடிவதில்லை. ரொட்டிக்காக அடைவுகடைக்குச் சென்ற அங்கி அங்கே எவருடைய உடலையும் காப்பதில்லை.

மனித உடலின் வெம்மை செல்வனுக்கும் வறியவனுக்கும் ஒரே அளவினது. அதனைக் காத்துக்கொள்ளும் வசதியே சமமாகப் பகிரப்படவில்லை. எனவே, ஒரு நகரத்து மாரியின் கொடுமையை அறிய விழைவோர் வெப்பமானியைப் பார்ப்பதோடு அடைவுகடையின் கணக்கேட்டையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.