சான்றிதழ் வேறு, பட்டம் வேறு



2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, பாடங்கள் கைபேசி வழியே நம் வீடுகளுக்குள் வந்தன. பள்ளிகள் திறந்த பின்பும் அந்த வழி அடைபடவில்லை. வெளியூர் சென்று படிக்க இயலாத நம் பெண்மக்களுக்கு இது நல்லதொரு வாய்ப்பு. ஆயினும் அந்த வாய்ப்பைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அல்லவா இருக்கின்றன? சொற்களின் பொருளறியாமல் தலையசைப்பவர் பணத்தையும் காலத்தையும் இழக்க நேரிடுகிறது.

என் சகோதரியின் மகள் 12ஆம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றவள். மணமாகிக் கைக்குழந்தையோடு இருக்கும் அவள், வீட்டிலிருந்தே பட்டம் பெற விரும்பினாள். ஒரு தனியார் நிறுவனத்தின் விளம்பரத்தை நம்பி, வளைகுடாவிலிருந்து கணவர் அனுப்பிய பணத்தில் 40,000 ரூபாய் கட்டினாள். சில மாதங்கள் சென்றபின், "மாமா, இதில் என்ன பட்டம் என்று எங்கும் காணோமே!" என்று படிவத்தை என்னிடம் நீட்டினாள். படித்துப் பார்த்தேன். 'செர்டிபிகேட் ஆப் கம்ப்ளீஷன்' என்றுதான் இருந்தது. பாடத்தை முடித்தார் என்பதற்கான சான்று; அவ்வளவே. பணத்தைத் திரும்பக் கேட்டோம். 'நான் ரீபண்டபிள்' என்ற சொல்லைக் காட்டினார்கள். கட்டிய பணம் திரும்பாது என்பது அதன் பொருள். பணம் போனதைவிட, "இனி எனக்குப் படிப்பே வேண்டாம் மாமா" என்று அவள் சொன்னதுதான் எங்களை வருத்தியது.

அதன்பின் அவளோடு அமர்ந்து சில சொற்களை ஆராய்ந்தேன். அவற்றை உங்கள் முன்னும் வைக்கிறேன்.

'டிகிரி' என்பது பட்டம். 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி, சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகங்களும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும், நாடாளுமன்றத்தால் சிறப்பு அதிகாரம் பெற்ற நிறுவனங்களுமே அதை வழங்கலாம். 'செர்டிபிகேட்' என்ற சொல்லுக்கு அச்சட்டம் அத்தகைய வேலி இடவில்லை. 'இன்டஸ்ட்ரி ரெகக்னைஸ்டு' என்று விளம்பரங்களில் காண்கிறோம். தொழில்துறையினர் தம்மை மதிக்கின்றனர் என்று நிறுவனம் தானே கூறிக்கொள்வது அது, அரசின் அங்கீகாரமன்று.

வங்கியில் 'கிரெடிட்' என்றால் ஒரு பொருள்; கல்வியில் வேறு. பட்டத்திற்கென ஒரு பாடத்துக்கு அளிக்கப்படும் எடையே இங்கு கிரெடிட். 'சிங்க்ரனஸ்' வகுப்பு குறித்த நேரத்தில் நேரலையாக நடப்பது; 'எசிங்க்ரனஸ்' பாடத்தை நமக்கு வசதியான நேரத்தில் பார்க்கலாம். குழந்தை உறங்கும் வேளையில் மட்டுமே படிக்க முடிகிற தாய்க்கு, இந்த ஒரு வேறுபாடே படிப்பைத் தொடர்வதா, விடுவதா என்பதைத் தீர்மானித்துவிடும்.

மத்திய அரசு 2017இல் தொடங்கிய 'ஸ்வயம்' தளத்தில் 'என்ரோல்' செய்வது, அதாவது பாடத்தில் சேர்வது, இலவசம். சான்றிதழ் வேண்டுவோர் தனியே கட்டணம் செலுத்தி, 'பிராக்டர்டு' தேர்வு எழுத வேண்டும். கண்காணிப்பாளர் முன்னிலையில் எழுதும் தேர்வு என்பது இதன் பொருள். 7 ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய 'என்.பி.டி.இ.எல்.' பாடங்களும் இத்தளத்தில் உள்ளன. அவற்றில் வாராந்தர 'அசைன்மென்ட்'டுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. அசைன்மென்டின் 'டெட்லைன்', அதாவது இறுதி நாள், தவறினால் அந்த மதிப்பெண்ணும் தவறிவிடும்.

இவை நமக்கு முற்றிலும் அந்நியமானவை என்று எண்ண வேண்டாம். நம் மார்க்கக் கல்வியில் 'இஜாஸா' என்றொரு வழக்கம் உண்டு. இன்னார் என்னிடம் இன்ன நூலை ஓதினார்; அதைப் பிறருக்கு அறிவிக்க அனுமதிக்கிறேன் என்று ஆசிரியர் அளிக்கும் சான்று அது. தந்தவர் யார், எதைக் கற்றதற்குத் தந்தார், அதைக்கொண்டு என்ன செய்யலாம் என்ற மூன்றும் அதில் விளங்கும். தமிழையே அரபு எழுத்தில் எழுதி அரபுத் தமிழ் வளர்த்த நம் முன்னோர், பிறமொழிச் சொல்லைக் கண்டு மிரண்டதில்லை. பொருளறிந்து தமதாக்கிக் கொண்டார்கள்.

என் மருமகள் இப்போது ஸ்வயம் தளத்தில் ஒரு கணக்குப் பதிவியல் பாடம் படித்து வருகிறாள். அடுத்து, ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டப் படிப்பில் சேரவும் எண்ணியிருக்கிறாள். இணையவழியில் பட்டம் நடத்தத் தகுதி பெற்ற பல்கலைக்கழகங்களின் பட்டியலை மானியக் குழுவே வெளியிடுகிறது. அதில் பெயரைச் சரிபார்த்த பிறகே பணம் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

பெற்றோர்களே! பிள்ளைகளுக்கோ உங்களுக்கோ ஒரு படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்த மூன்று கேள்விகளையும் எழுத்து மூலமாகவே கேளுங்கள்: இதைத் தருபவர் யார்? எதற்காகத் தருகிறார்? இதைக்கொண்டு என்ன செய்யலாம்? புரியாத சொல்லுக்குப் பொருள் கேட்பதில் வெட்கம் வேண்டியதில்லை. விடை கிடைக்கும் வரை பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.