இறக்கத்துச் சாரதிகள்

இலங்கையின் ஊவா மலைகளில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,040 மீட்டர் உயரத்தில் இருக்கும் எல்ல என்னும் ஊரிலிருந்து கிழக்குக் கரையிலுள்ள அறுகம்பைக்குப் பேருந்தில் செல்ல விரும்பும் பிரயாணி, இராவணா நீர்வீழ்ச்சியை ஒட்டி வளைந்து வளைந்து இறங்கும் வெல்லவாயச் சாலையைக் கடந்த பிறகே சமவெளியைக் காண்பான். 2025 செப்டம்பர் 4ஆம் தேதி இரவு, உல்லாசப் பிரயாணம் வந்து திரும்பிய தங்காலை நகர சபை ஊழியர்களின் பேருந்து பள்ளத்தில் விழுந்து 15 பேருக்குக் குறையாமல் மாண்டது இந்தச் சாலையில்தான். அந்தச் செய்தியை வாசித்த நாள் முதல், தினந்தோறும் அதே வழியில் ஜனங்களை ஏற்றி இறக்கும் சாரதிகளின் தொழிலை அருகிருந்து பார்க்க வேண்டும் என்னும் எண்ணம் என்னை விடவில்லை.

இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்புப் பேருந்தில், எஞ்சினுக்குப் பக்கத்து ஆசனம் எனக்குக் கிடைத்தது. சாரதி மலையகத் தமிழர், தலை நரைத்தவர். இறக்கம் தொடங்குமுன் பிரேக்கை ஒருமுறை மிதித்து, காற்றழுத்தத்தைக் காட்டும் முள்ளைக் கவனித்து, இரண்டாம் கியரில் வண்டியைப் போட்டார்.

"ஏறுறப்ப எந்தக் கியரோ, எறங்குறப்பவும் அதே கியருதாங்க ஐயா. பிரேக்க மட்டும் நம்பி எறங்குனா, பாதி மலையில அது கைய விரிச்சிரும்" என்றார்.

இந்தத் தொழிலின் சூட்சுமம் முழுவதும் அந்த வார்த்தைகளில் அடங்கியிருந்தது. பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம்மும் லைனிங்கும் உராய்ந்து கொதித்து, பிடிமானம் குறைந்து, கால் அழுத்த அழுத்தப் பலன் தேய்ந்துகொண்டே போகும். ஆதலால் எஞ்சினின் எதிர்ப்பே வண்டியின் பாரத்தைத் தாங்க வேண்டும், பிரேக்கோ சிறிது நேரம் உறுதியாகப் பிரயோகிக்கப்பட்டு உடனே விடப்பட வேண்டும். வேகம் பிடித்த பின்னர் கீழ்க் கியருக்கு மாற்ற முனைந்தால், பற்சக்கரங்கள் சேராமல் வண்டி நியூட்ரலில் அகப்பட்டுக்கொள்ளக் கூடும். அப்போது எஞ்சினின் துணையும் இல்லை. வளைவில் காட்டும் லாவகத்தைக் கண்டு நாம் வியக்கிறோம்; ஆனால் மலை உச்சியிலேயே, அபாயம் கண்ணுக்குத் தெரியுமுன்பே, செய்ய வேண்டியதைச் செய்துவிடும் நிதானமே மேலான சாமர்த்தியம் என்பது என் அபிப்பிராயம்.

இப்படி எண்ணியபோதிலும் என் உடல் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஒரு வளைவில், முன் கண்ணாடியில் சாலையே தெரியாமல் ஆகாயமும் தூரத்துச் சமவெளியும் மட்டும் தெரிந்தன. நடத்துனர் மிதிபலகையில் நின்று தலையை வெளியே நீட்டி, இடப்பக்கச் சக்கரத்துக்கும் சாலையோரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தபடி, தகரத்தில் தட்டித் தட்டி 'ரைட்' சொன்னார். மரக்கறி லொறியொன்று ஏறி வரவே, நம்மவர் ஒதுங்கி நின்று வழிவிட்டார். முன்னே சென்ற வேனிலிருந்து லைனிங் கருகும் நாற்றம் வந்ததும், அவர் மூக்கை ஒருமுறை உறிஞ்சி, இடைவெளியை இன்னும் அதிகமாக்கினார். அலைச்சறுக்கு விளையாட அறுகம்பைக்குப் போகும் வெளிநாட்டு இளைஞர்கள் கம்பியை இறுகப் பற்றியிருக்க, தோட்டத்துப் பெண்ணொருத்தி நிம்மதியாக உறங்கினாள்.

வெல்லவாய வந்ததும் அபாயம் தீர்ந்தது என்று நினைத்தேன். மொனராகலையில் மாறி ஏறிய தனியார் பேருந்து, நேர்ச் சாலையில், அதே வழியில் ஓடும் மற்றொரு வண்டியோடு போட்டியிட்டுப் பாய்ந்தபோதுதான் மெய்யாகவே எனக்கு உயிர்ப்பயம் உண்டாயிற்று. திருப்பத்தில் எதிரே வருவது தெரியாமலே முந்தினார்கள். அந்தச் சாரதி தொழில் அறியாதவர் அல்லர்; லகுகலக் காட்டோரத்தில் யானையொன்று நிற்கக் கண்டதும் ஒரு குலுக்கலும் இன்றி வேகத்தைத் தணித்த கை அவருடையதே. எனினும் அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அன்றைய வசூலே கூலி. தரிப்பிடத்தில் நிற்பவரை முன்னே சென்ற வண்டி ஏற்றிக்கொண்டால், அது இவர் வீட்டுச் சோற்றில் குறைந்துவிடும். இந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டு சாரதிகளுக்கு மட்டும் பொறுமையை உபதேசிப்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

அறுகம்பைக்கு அருகிலுள்ள பொத்துவிலில் இறங்கியபோது நடத்துனர் தாள்களை எண்ணிக்கொண்டிருந்தார். வருமானம் எப்படி என்று விசாரித்தேன்.

"டீசலும் முதலாளிட காசும் போனா, மிச்சத்தத்தான் நாங்க ரெண்டு பேரும் பங்கு போடணும் சேர். இண்டைக்கு மத்த பஸ் முந்திட்டு" என்றார்.