அழித்ததும் மீட்டதும்

கணினியில் ஒரு ஃபைலை அழித்துவிட்டோம் என்று நாம் சொல்லும்போது உண்மையில் எதுவும் அழிந்துவிடுவதில்லை. டிஸ்க்கின் அட்டவணையில் அதன் பெயருக்கு நேரே 'இந்த இடம் காலி' என்று ஒரு குறி விழுகிறது, அவ்வளவுதான். எழுத்து இருந்த இடத்திலேயே கிடக்கிறது. வேறொன்று அதன் மேல் எழுதப்படும் வரை கிடக்கும். கணினியோடு புழங்குகிறவர்களுக்கு இது பழைய சேதி. இறந்துபோன ஒரு கவிஞரின் இயங்காத லாப்டாப்பிலிருந்து அவர் எழுத்தை எடுக்க உட்கார்ந்தபோது, இந்தப் பழைய சேதி எனக்கு ஒரு விமர்சனப் பிரச்னையாக மாறிவிட்டது.

நண்பர், எங்கள் திருநெல்வேலி வழக்கில் எனக்கு அண்ணாச்சி, இருபது வருஷத்தில் ஒரே ஒரு தொகுப்புப் போட்டவர். அறுபத்து நாலு பக்கம். அதற்குப் பிறகும் எழுதிக்கொண்டிருந்தார் என்பது எங்கள் மூன்று நான்கு பேருக்குத் தெரியும். அவர் போய் எட்டு மாதம் கழித்து, மதினி லாப்டாப்பை ஒரு துணிப்பையில் வைத்து நான் வேலை பார்க்கும் பாங்கிற்கே எடுத்து வந்தார். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. 'முழுத் தொகுப்பு' போட ஒரு பதிப்பாளர் தயாராக இருந்தார். அந்த 'முழு' என்ற சொல்லைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

இயங்காத லாப்டாப் வேறு, தொலைந்த எழுத்து வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலரும் பீதியில் 'விண்டோஸை மறுபடி போட்டுத் தருகிறேன்' என்கிற ஆளிடம் மெஷினைக் கொடுத்து, பிழைத்துக் கிடந்ததையும் பறிகொடுக்கிறார்கள். முதலில் சார்ஜரையும் பாட்டரியையும் கழற்றி, பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்தால் சில சமயம் விழித்துக்கொள்ளும். இல்லை. நினைவகச் சில்லைக் கழற்றித் துடைத்துப் பொருத்தினேன். வெளித்திரை ஒன்றை இணைத்தேன். அதிலும் இருட்டு. பலகை போய்விட்டது என்பது தெளிவாயிற்று.

ஆனால் டிஸ்க் தனிச் சரக்கு. 2012-ல் வாங்கிய மெஷின் அது. உள்ளே இருந்தது சுழலும் தகடுகள் கொண்ட 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். திருகுகளைக் கழற்றி அதை வெளியே எடுத்து, யூ.எஸ்.பி. பெட்டி ஒன்றில் போட்டு என் கணினியில் இணைத்தேன். இந்த இடத்தில் கண்ணைவிடக் காது முக்கியம். எழுத்தைப் படிக்கும் தலை, தகட்டிலிருந்து சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும், சுற்றவிடும் ஒவ்வொரு நொடியும் நஷ்டம். இது சீராக இரைந்தது. இருந்தாலும் நேரடியாக அதில் கை வைக்கவில்லை. லினக்ஸ் ஏற்றிய ஒரு பென் டிரைவிலிருந்து என் கணினியைக் கிளப்பி, டிடிரெஸ்க்யூ என்ற நிரலால் டிஸ்க் முழுவதையும் பைட் பைட்டாக வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்தேன். சுலபமாகப் படிக்கக் கிடைக்கும் பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும் நிரல் அது. கடன் வசூலுக்குப் போகிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முறை. ஒரு ராத்திரி ஆயிற்று. அதற்கப்புறம் செய்ததெல்லாம் பிரதியில்தான்.

பழைய ஃபைல்கள் சில, யூனிகோட் பரவுவதற்கு முந்திய எழுத்துருக்களில் இருந்தன. திறந்தால் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துக்களாகக் கொட்டின. 1999-ல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடித் தரப்படுத்த வேண்டிய அளவுக்கு, அன்று ஆளுக்கொரு குறியீட்டு முறை வைத்திருந்தோம். எழுத்துருவின் பெயரைக் கண்டுபிடித்து மாற்றிக்கொண்டேன். அலுப்பான வேலை, அதில் பிரச்னை ஒன்றும் இல்லை.

பிரச்னை மீட்பு நிரலை ஓடவிட்டபோது வந்தது. அண்ணாச்சி எல்லாவற்றையும் நோட்பேடில் எழுதினார். ஒரு கவிதைக்கு ஒரு ஃபைல். முதல் சொல்லே பெயர். அவர் வைத்திருந்தவை 143. நிரல் காட்டிய பட்டியலில், அவர் அழித்த பெயர்கள் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். அமைப்பில் ஒவ்வொரு ஃபைலுக்கும் மூல அட்டவணையில் 1,024 பைட் கொண்ட ஒரு பதிவு உண்டு. ஃபைல் மிகச் சிறியதாக, சுமார் 700 பைட்டுக்குள், இருந்துவிட்டால் அதற்கெனத் தகட்டில் தனி இடம் தேடுவதில்லை. அட்டவணைப் பதிவுக்குள்ளேயே உள்ளடக்கத்தையும் வைத்துவிடுகிறது. யு.டி.எஃப்-8-ல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். கணக்குப் பார்த்தால் ஏழெட்டுக் குறுவரிகள் கொள்ளும். அதாவது அண்ணாச்சி எழுதிய அளவுக் கவிதை. ஒரு நாவலாசிரியரின் அழிந்த அத்தியாயம் தகட்டில் சிதறி, மேலெழுதப்பட்டு, துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். சொற்சிக்கனம் பிடித்த கவிஞரின் கழிவோ பெயரும் தேதியும் குலையாமல் முழுசாகக் கிடைக்கிறது. சிக்கனத்திற்கு இப்படி ஒரு தண்டனை இருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்க முடியாது. இன்றைய எஸ்.எஸ்.டி. வகை டிஸ்க்காக இருந்திருந்தால் அட்டவணைக்கு வெளியே கிடக்கும் எழுத்தின் கதை வேறு. காலி என்று குறிக்கப்பட்ட இடத்தை அது பெரும்பாலும் தானாகவே சுத்தம் செய்துகொண்டுவிடும்.

எங்கள் தொழிலில் அழிப்பது என்பதே கிடையாது. பாங்கின் பழைய லெட்ஜர்களைப் பார்த்தால் தெரியும்: தப்பான தொகையின் மேல் ஒற்றைக் கோடு, அடியில் எழுத்து தெரியும்படி, பக்கத்தில் சுருக்கொப்பம். சுரண்டவோ மைபூசி மறைக்கவோ கூடாது. கணினி வந்தபின்னும் அதே தர்மம்தான். தவறான பதிவை நீக்குவதில்லை, எதிர்ப்பதிவு ஒன்று போடுகிறோம். இரண்டும் என்றென்றைக்கும் இருக்கும். ஹார்ட் டிஸ்க்கும் குமாஸ்தா புத்திதான் கொண்டிருக்கிறது என்பது எனக்கு ஆறுதலாக இல்லை. ஏனென்றால் சிருஷ்டியின் தர்மம் நேர் எதிரானது. கவிஞன் ஒரு வரியை நீக்கும்போது அது இல்லாமல் போக வேண்டும் என்றுதான் நீக்குகிறான். நீக்கியதும் அவன் எழுதியதில் சேர்ந்ததே. அண்ணாச்சியின் அறுபத்து நாலு பக்கத்தில் காணும் அந்த மௌனம், அவர் அழித்த முந்நூறு ஃபைல்களால் ஆனது.

இங்கே காஃப்காவின் உதாரணத்தைக் கொண்டுவருவார்கள் என்று தெரியும். பதிப்பாளரும் கொண்டுவந்தார். படிக்காமலே எரித்துவிடு என்று எழுதி வைத்துவிட்டு காஃப்கா 1924-ல் இறந்தார். மாக்ஸ் பிராட் எரிக்காமல் மறு வருஷமே 'விசாரணை'யை அச்சிட்டார். உலக இலக்கியம் பிராடுக்குக் கடமைப்பட்டிருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் பிராட் மீறியது ஒரு வேண்டுகோளை. காகிதம் அப்போதும் காகிதமாகவே இருந்தது. என் முன்னால் இருந்தது வேண்டுகோள் அல்ல, செய்து முடிக்கப்பட்ட காரியம். அண்ணாச்சி யாரிடமும் கேட்கவில்லை, தானே செய்தார்.

உ.வே.சா. உதாரணமும் பொருந்தாது. அன்று எங்கள் ஜில்லாவில் இருந்த கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகளை நெருப்பில் இட்டுவிட்டார்கள் என்று கேட்டு அவர் பதறியது நமக்குத் தெரியும். செல்லும் நெருப்பும் அசட்டுத்தனமும் தின்றதை அவர் மீட்டார். ஆசிரியன் கழித்ததை அல்ல. இரண்டையும் 'மீட்பு' என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்புவது இன்றைய முழுத்தொகுப்புப் பிரியர்களின் வசதி. மருந்துச் சீட்டையும் மளிகைக் கணக்கையும் பின்னிணைப்பாக்கி, பக்க எண்ணிக்கையால் ஒருவனுக்குச் சிலை எழுப்புகிறார்கள்.

இவ்வளவு தீர்மானமாகப் பேசுகிற நான் அந்தப் பட்டியலில் ஒன்றைத் திறந்தேன். தெரிந்தே திறந்தேன். 2016-ல் ஒரு மழை ராத்திரி அவர் போனில் வாசித்துக் காட்டிய கவிதை. கொக்கிரகுளம் ஆற்றங்கரையில் துவைகல் ஒன்றைப் பற்றியது. 'இதை மட்டும் கொன்னுறாதீங்க அண்ணாச்சி' என்று கேட்டிருந்தேன். அடுத்த வாரம் விசாரித்தபோது, 'அது இல்லை, சத்தம் ஜாஸ்தி' என்றார். இப்போது திரையில் பார்க்கிறேன். எட்டு வரி. கடைசி இரண்டு உபரி; மற்ற ஆறும் அவர் தொகுப்பின் எந்தக் கவிதைக்கும் சளைத்தவை அல்ல, சிலவற்றைவிட மேல். விமர்சகனாக இதுதான் என் மதிப்பீடு, இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த இரண்டு வரியை வெட்டினால் போதும் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? வெட்டிப் பார்த்தும் சத்தம் அடங்கவில்லை என்று அவர் காது சொல்லியிருக்கலாம். என் காதில் விழாத சத்தம் அது. அதற்குமேல் நான் எதையும் திறக்கவில்லை.

மதினியிடம் 143 ஃபைல்களை ஒரு பென் டிரைவிலும், டிஸ்க்கை அதன் பெட்டியிலுமாகக் கொடுத்தேன். என்னிடமிருந்த பிரதியின் மேல் முழுக்கப் பூஜ்யங்களை எழுதவிட்டேன். அதற்கும் ஒரு ராத்திரி.

"அவுக அழிச்சதும் இதுல கெடக்கா தம்பி?" என்று கேட்டார்.

"கெடக்கு மதினி. உரிமை உங்களுக்குத்தான். சட்டப்படி அறுபது வருஷம்."

"நீங்க பாத்தீங்களா?"

"ஒண்ணே ஒண்ணு. நல்லா இருந்துச்சு."

"அப்பொறம் ஏன் அழிச்சாகளாம்?"

சத்தம் ஜாஸ்தி என்று சொன்னதைச் சொன்னேன். மதினி சிரித்துவிட்டார். "வீட்லயும் அதத்தான் சொல்லுவாக. மிக்ஸி போட்டாக்கூட" என்றவர், டிஸ்க்கைப் பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார்.

புஸ்தகம் 143 கவிதைகளோடு அச்சில் இருக்கிறது. அட்டையில் 'முழு' என்ற சொல் இல்லை. பதிப்பாளர் என்னோடு பேசுவதில்லை.