29-ஆ, 25-ஆ?

தம்பி, சனிக்கிழமை பெங்களூருக்கு ரயில் ஏறாமல் நீ வீட்டிலேயே சுருண்டு கிடந்தபோதே எனக்குச் சந்தேகம். துருவிக் கேட்டதும்தான் சொன்னாய். விளையாட்டுக் கூட்டாளிகளோடு சண்டை. உனக்கு ஐந்தாம் பதிப்பு, அவர்களுக்குப் பழைய மூன்றரை.

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயர் என் வாயில் நுழையவே இரண்டு நாள் ஆனது. பகடை உருட்டி, ஆளுக்கொரு வேஷம் கட்டிக் கதை நடத்துகிறீர்கள். கூத்தும் தாயமும் கலந்த மாதிரி. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974இல் கொண்டுவந்தது. 2008இல் நான்காம் பதிப்பு வந்ததும் பிடிக்காதவர்கள் முறுக்கிக்கொள்ள, மறு வருஷமே பழைய விதிகளை வைத்து 'பாத்ஃபைண்டர்' என்று தனி ஆட்டம் கிளம்பிவிட்டது என்றாய். அண்ணன் தம்பி பாகம் பிரித்த கதைதான்.

எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைனில் அந்தச் சண்டை கேரமில். நான் பழகிய ஆட்டம் 29 புள்ளி, சிவப்புக் காயான ரெட்டுக்கு 5. என்னோடு சுரங்கத்தில் ஒரே ஷிப்டில் இருந்தவன் புதுச் சட்டம் படித்துவிட்டு வந்தான்: 25 புள்ளி, ரெட்டுக்கு 3, அதுவும் 22ஐத் தொட்டவனுக்கு ரெட்டால் ஒன்றும் கிடையாது. ஒரு ராத்திரி நான் 23இல் இருந்தேன். ரெட்டைப் போட்டு, அதற்கு ஃபாலோவாக என் கடைசிக் காயையும் போட்டேன். அவன் காய் ஒன்றுதான் பாக்கி, அதற்கு ஒரு புள்ளி. என் கணக்கில் 29, ஆட்டம் முடிந்தது. அவன் கணக்கில் 24, இன்னும் ஒரு புள்ளி வேண்டும். ஸ்டிரைக்கரைத் தூக்கி வீசியது நான்தான்.

மாசக் கணக்கில் பேச்சில்லை. ஆனால் சுரங்கத்துக்குள் கேஜில் இறங்கினால் பேசித்தான் ஆக வேண்டும். மேலே பாறை எப்படி நிற்கிறது என்று பக்கத்தில் இருப்பவன்தானே சொல்ல வேண்டும்? உயிரை அவனிடம் கொடுப்பேன், ஒரு புள்ளியைக் கொடுக்க மாட்டேன். சிரிக்காதே.

அவன் சொன்னதுதான் சரி. 1988இல் சென்னையில் தொடங்கிய சர்வதேச கேரம் கூட்டமைப்பின் சட்டமும் அதுதான். எனக்கு அப்போதே உள்ளுக்குள் தெரியும். நான் பிடித்துத் தொங்கியது 29ஐ இல்லை, ஆட்டம் பழகிய என் பதினைந்து வயசை. உன் கூட்டாளிகளுக்கும் அந்த மூன்றரை அப்படித்தான் இருக்கும், உன்னுடைய ஐந்தும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே வந்து திண்ணையில் உட்கார்ந்தான். "உன் வீடு, உன் சட்டம். போர்டை எடு" என்றான். அதிலிருந்து என் வீட்டில் 29, அவன் வீட்டில் 25. அவன் வீட்டில் நான் ஜெயித்ததே குறைவு. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். அதன் பிறகும், அவன் பிள்ளையோடு பெங்களூர் போகும்வரை அப்படித்தான் ஆடினோம்.

இந்தச் சனிக்கிழமை போய் அவர்கள் வீட்டில் மூன்றரையே ஆடு. அடுத்த வாரம் எல்லோரையும் இங்கே கூட்டி வா, உன் ஐந்தை ஆடலாம். நாம் இறங்கும் மாரிகுப்பம்தான் கடைசி ஸ்டேஷன். ரயிலில் தூங்கிவிட்டாலும் இறக்கிவிட்டுவிடும்.