விளக்கும் புத்தகமும் கேட்ட கைதிகள்

சென்னையிலிருந்து கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள். அந்தமானின் தலைநகரில் (2024 வரை போர்ட் பிளேர், இப்போது ஸ்ரீவிஜயபுரம்) இறங்கும் தமிழருக்கு அபர்தீன் பஜாரிலேயே தாய்மொழி காதில் விழும். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், கடலைப் பார்த்த மேட்டில் நிற்கிறது செல்லுலர் சிறை. 1996-ல் வந்த 'சிறைச்சாலை' படத்தின் கதை நடக்கும் இடம்.

உள்ளே போனதும் பலரும் செய்யும் காரியம் ஒன்றுதான். ஒருவர் கொட்டடிக்குள் நுழைய, இன்னொருவர் கம்பிக் கதவைச் சாத்திப் படம் எடுப்பார். சிரித்துக்கொண்டே உள்ளே போனவர் வெளியே வரும்போது அவ்வளவாகச் சிரிப்பதில்லை.

கட்டடம் அப்படி. 1896-ல் தொடங்கி 1906-ல் முடிந்தது. நடுவில் கோபுரம், சக்கரத்தின் ஆரங்களைப் போல ஏழு சிறகுகள். இன்று மிஞ்சியிருப்பவை மூன்றே. ஒரு கொட்டடிக்கு ஒரு கைதி. கதவுக்கு வெளியே தெரிவது அடுத்த சிறகின் முதுகு. பேச்சுத்துணைகூட இருக்கக் கூடாது என்பதே திட்டம். பகலெல்லாம் மாட்டுக்குப் பதில் மனிதர்கள் செக்கிழுத்தார்கள். 1912-ல் இந்து பூஷண் ராய் தூக்கிட்டுக்கொண்டார். சித்தம் கலங்கிய உல்லாஸ்கர் தத்தா சென்னை மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்.

இந்த இடத்தில் எதிர்காலம் பற்றி யார் யோசிக்க முடியும்? 1932 முதல் வந்திறங்கிய இளைஞர்கள் யோசித்தார்கள். சிட்டகாங் ஆயுதக் கிடங்குத் தாக்குதல், லாகூர் சதி வழக்கு என்று பல வழக்குகளில் தண்டனை பெற்றவர்கள். சிலருக்கு ஆயுள் தண்டனை. 1933 மே 12-ல் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். விடுதலை கேட்டு அல்ல. தின்னக்கூடிய சாப்பாடு, இரவில் விளக்கு, படிக்கப் புத்தகம் இவற்றையெல்லாம் கேட்டு.

சிறை நிர்வாகம் குழாய் வைத்துப் பலவந்தமாகப் பால் ஊற்றியது. பகத் சிங்கின் தோழர் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மொய்த்ரா மூவரும் இறந்தார்கள். மற்றவர்கள் விடவில்லை. 46 நாளுக்குப் பிறகு அரசு இறங்கி வந்தது. விளக்கு வந்தது, புத்தகம் வந்தது.

அதன் பிறகு சிறையில் நடந்தது வேறு கதை. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்தார். வரலாறு, பொருளாதாரம், அரசியல் என்று வகுப்புகள் நடந்தன. படிக்கப் படிக்கத் தங்கள் பழைய வழியையே கேள்வி கேட்டார்கள். நாலு பேர் கையில் துப்பாக்கி இருந்தால் போதுமா, கோடிக்கணக்கான விவசாயிகளும் தொழிலாளிகளும் எங்கே என்று விவாதித்தார்கள். 1935-ல் கம்யூனிஸ்ட் குழு ஒன்றை அமைத்தார்கள். எல்லோரும் அதில் சேரவில்லை. ஆனால் வெளியே போய் என்ன செய்வது என்ற கேள்வியை யாரும் தட்டிக்கழிக்க முடியவில்லை.

1937-ல் மறுபடி உண்ணாவிரதம். இந்த முறை கேட்டது, தாய்நாட்டுக்குத் திரும்பும் உரிமை. அடுத்த ஆண்டுத் தொடக்கத்துக்குள் அரசியல் கைதிகள் கப்பலேறினார்கள். இருபது வயது நிரம்பும் முன்பே அந்தமானுக்கு வந்த ஹரே கிருஷ்ண கோனார் வங்காளத்து விவசாயிகளிடம் போனார். 1967-லும் 1969-லும் மேற்கு வங்க நிலச் சீர்திருத்தத்துக்குப் பொறுப்பான அமைச்சராகி, பினாமி பெயர்களில் பதுக்கிய நிலத்தை வெளியே கொண்டுவந்தார். சிட்டகாங் தாக்குதலில் முன்னணியில் நின்ற கணேஷ் கோஷ் 1946-ல்தான் விடுதலையானார். பிறகு சட்டமன்றத்துக்கும், 1967-ல் மக்களவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

வாழ்க்கைக்குக் குறிக்கோள் வேண்டும் என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதிவைக்கிறோம். இங்கே அது சுவரிலிருந்து கிடைக்கவில்லை. முதலில் ஒரு விளக்கு தேவைப்பட்டது, கூட உட்கார்ந்து வாதாட ஆள் தேவைப்பட்டது. பெரிய லட்சியம் அதற்குப் பிறகுதான் உருவாயிற்று.

சிறைக்கு எதிரே உள்ள பூங்காவில் மகாவீர் சிங், நமதாஸ், மொய்த்ரா மூவருக்கும் சிலை இருக்கிறது. உயிரைக் கொடுத்து வாங்கிய அந்த விளக்கில் அவர்கள் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை.