சாவியும் ஓர் அமானிதமே

சங்கரன்கோவிலின் விடியலுக்கு மூன்று ஓசைகள் உண்டு. சங்கரநாராயணர் கோயிலின் மணியோசை ஒன்று. பள்ளிவாசலின் பாங்கொலி மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையே ஓயாது ஒலிக்கும் விசைத்தறிகளின் தடதடப்பு மூன்றாவது. அந்த மூன்றாவது ஓசைதான் எங்கள் குடும்பத்திற்குச் சோறிட்டது. என் வாப்பாவின் வலக்கை விரல்கள் இரண்டை வாங்கிக்கொண்டதும் அதுவே.

1986-ஆம் ஆண்டு, தீபாவளிச் சேலைகளுக்கான நெருக்கடி நாள்கள். எட்டுத் தறிகள் ஓடிய கூடத்தில் கடைசித் தறியின் பெல்ட் நழுவிவிட்டது. வாசலருகே இருந்த மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, உள்ளே சென்று வாப்பா பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். தேநீர் அருந்தித் திரும்பிய தோழர் ஒருவர், தறிகள் நின்றிருப்பதைக் கண்டு, ஏதும் அறியாமல் சுவிட்சைப் போட்டார். ஒரு நொடிதான். அத்தோழர் மீது வாப்பா ஒருநாளும் சினம் கொண்டதில்லை. "அவன் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவனிடம் சொல்லவில்லை" என்பதோடு முடித்துக்கொள்வார்.

ஆனால், அதன்பின் அவரிடம் ஒரு பழக்கம் வந்தது. தறியில் கை வைக்குமுன் பியூஸ் கட்டையைப் பிடுங்கி, கைலி மடிப்பில் செருகிக்கொள்வார். "இது என் மடியில் இருக்கிறவரைக்கும் எவனும் தறியை ஓட்ட முடியாதுடா" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பின் பொருள் எனக்குப் புரியப் பல்லாண்டுகள் ஆயின.

நம் கல்லூரியில் தமிழ் பயின்ற நான், 1994-இல் பிழைப்புத் தேடி வளைகுடா நாடொன்றிற்குச் சென்றேன். ஓர் ஆலையில், பழுதுபார்க்கும் பணிகளுக்கு அனுமதிச் சீட்டு எழுதும் வேலை வாய்த்தது. அங்கே சுவரில் வரிசையாகத் தொங்கிய சிவப்புப் பூட்டுகளைக் கண்டதும் வாப்பாவின் மடிதான் நினைவுக்கு வந்தது.

முறை எளியதே. எந்திரத்தை நிறுத்த வேண்டும். அதற்கு வரும் மின்சாரம், நீராவி, அழுத்தக் காற்று ஆகிய அனைத்தையும் துண்டிக்க வேண்டும். துண்டித்த இடத்தில் பூட்டுப் போட்டு, பூட்டியவர் பெயரெழுதிய அட்டையைக் கட்ட வேண்டும். உள்ளே தேங்கி நிற்கும் விசையை வெளியேற்ற வேண்டும். பின்னர், எந்திரத்தை இயக்கிப் பார்த்து, அது இயங்கவில்லை என்பதை உறுதி செய்த பிறகே கை வைக்க வேண்டும்.

ஒருவருக்கு ஒரு பூட்டுப் போதும். நாற்பது பேர் ஒரே எந்திரத்தில் இறங்கினால்? துண்டித்த இடங்களின் சாவிகளையெல்லாம் ஒரு பெட்டியிலிட்டு, அந்தப் பெட்டியின் மீது நாற்பது பேரும் தத்தம் பூட்டைப் போடுவர். கடைசிப் பூட்டு திறக்கப்படும் வரை பெட்டி திறவாது, எந்திரமும் ஓடாது. பொறியாளரின் பூட்டுக்கும் உதவியாளரின் பூட்டுக்கும் அங்கே ஒரே மதிப்பு. தொழுகை அணியில் தோளோடு தோள் நிற்கும் சமத்துவத்தை நான் அந்தப் பெட்டியிலும் கண்டேன்.

ஒருங்கிணைப்புத் தவறினால் என்னவாகும் என்பதற்கு வடகடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையே சான்று. 1988 ஜூலை 6 அன்று, அங்கிருந்த இரு பம்புகளுள் ஒன்றின் பாதுகாப்பு வால்வு பழுதுபார்ப்பதற்காகக் கழற்றப்பட்டது. மாலைக்குள் வேலை முடியவில்லை. அதைச் சொல்லும் சீட்டு இரவுப் பணியினரின் கவனத்திற்கு வரவில்லை. இரவில் மற்றொரு பம்பு நின்றுபோகவே, வால்வு இல்லாத பம்பை அவர்கள் இயக்கினர். வாயு கசிந்து வெடித்தது. 167 உயிர்கள் மாண்டன. அனுமதிச் சீட்டு முறையிலும் பணிமாற்றத்திலும் இருந்த குறைகளை, 1990-இல் வெளிவந்த கல்லன் பிரபுவின் அறிக்கை எடுத்துரைத்தது.

எனக்கும் ஒரு சோதனை வந்தது. ஒரு நாள் மாலை பணி மாறியபோது, பெட்டியில் ஒரு பூட்டு மட்டும் எஞ்சி நின்றது. அதற்குரியவர் தங்குமிடம் சென்றுவிட்டார். "வெட்டி எறி, ஆலை ஓடட்டும்" என்றார் மேலாளர். என் கையெழுத்து இருந்தால் வெட்டிவிடலாம். பேனாவை எடுத்த என் கண்முன் வாப்பாவின் மூன்று விரல் கை வந்து நின்றது. "உரியவர் வராமல் கையெழுத்திட மாட்டேன்" என்றேன். உறங்கிக்கொண்டிருந்தவரை அழைத்து வர மூன்று மணி நேரம் ஆயிற்று. அவர் வந்ததும், "குழாயில் செருகிய அடைப்புத் தகட்டை நான் இன்னும் எடுக்கவில்லையே" என்றார். அனைவரும் வாயடைத்து நின்றனர். ஆயினும், அவ்வாண்டு எனக்கு ஊதிய உயர்வு கிடைக்கவில்லை. அதற்காக நான் வருந்தவுமில்லை.

பூட்டு முறை நம் நாட்டுக்குப் புதியதன்று. தானாக நகர்ந்து இயங்கிவிடக்கூடிய சுவிட்சைப் பூட்டி வைக்க வழி இருக்க வேண்டும் என்று, 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. அமெரிக்கா இதற்கெனத் தனி விதி கண்டது 1989-இல்தான். ஆனால், நாலைந்து பேர் வேலை செய்யும் நம்மூர்த் தறிக்கூடங்கள் பெரும்பாலும் அச்சட்டத்தின் எல்லைக்குள் வந்ததில்லை. சட்டம் எட்டாத இடத்தில் மனச்சான்றுதான் எட்ட வேண்டும்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் சிலர் நாளை ஆலை நடத்துவீர்கள். சிலர் ஆலையில் உழைப்பீர்கள். ஒருவர் தம் பூட்டை மாட்டும்போது நம்மிடம் ஒப்படைப்பது இரும்பையன்று, தம் உயிரை. அமானிதம் பேணுவதை ஈமானின் அடையாளமாகக் கற்றவர்கள் நாம். உரியவர் கையாலன்றி அந்தப் பூட்டு திறக்கப்படலாகாது.

வாப்பா இறையடி சேர்ந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அவர் மடியில் வைத்திருந்த பீங்கான் பியூஸ் கட்டை ஒன்று, இன்றும் என் மேசை மீது இருக்கிறது.