வெள்ளீய வீரர்களின் வண்ண மரபு

பழங்காலப் போர்களை மேசைமீது மீண்டும் நடத்திப் பார்க்கும் வரலாற்றுப் போர் விளையாட்டில் ஈடுபடுவோர் பலர், ஆட்டத்தைவிடப் படைவீரர்களின் சிற்றுருவங்களுக்கு வண்ணம் தீட்டி அணிவகுத்து வைப்பதிலேயே மிகுதியான நேரத்தைச் செலவிடுகின்றனர். இவ்வின்பத்தின் தோற்றுவாயைத் தேடுவோர் முதலில் பிரஷ்யப் படைத்துறையையே நாடுவர். அங்கோ அதற்கான தடயம் இல்லை. 1812இல் ஃபான் ரைஸ்விட்ஸ் தம் மன்னருக்குச் செய்தளித்த 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்னும் போர்ப்பயிற்சி ஆட்டமும், அதை அவர் மகன் திருத்தி 1824இல் வெளியிட்ட வடிவமும் படைப்பிரிவுகளைச் சிறு கட்டைகளாலேயே குறித்தன. தொலைவு, நேரம், இழப்பு ஆகியவற்றைக் கணக்கிட முனைந்த அதிகாரிகளுக்குச் சட்டைக் கழுத்தின் நிறம் ஒரு பொருட்டாக இருந்திராது.

தேடல் உண்மையில் சென்று சேரும் இடம் நியூரம்பர்க். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நகரின் ஹில்பர்ட் குடும்பத்தார் தட்டையுருவங்களை, அதாவது எதிரெதிராகப் பொருந்தும் இரு பலகைக்கற்களில் உருவத்தைக் குடைந்து, இடையே உருக்கிய வெள்ளீயக் கலவையை ஊற்றி எடுக்கும் மெல்லிய தகட்டு வீரர்களை, வார்த்துப் புகழ்பெற்றனர். 1839இல் தொழில் தொடங்கிய எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்சன் கைக்கொண்ட சுமார் 30 மில்லிமீட்டர் உயரம் பின்னர்ப் பொது அளவாக நிலைபெற்றதால், வெவ்வேறு பட்டறைகளின் வீரர்கள் ஒரே அணியில் நிற்க முடிந்தது. தகட்டுக்குப் பருமன் இல்லையாதலால், குதிரையின் மார்புப் புடைப்பையும் மேலங்கியின் மடிப்பையும் தூரிகையே உண்டாக்க வேண்டும். ஒளி எத்திசையிலிருந்து விழுகிறது என்று முதலில் தீர்மானித்து, அப்பக்கத்தை வெளிறவும் மறுபக்கத்தை இருளவும் தீட்டுவது இதன் முறை. இன்றைய முழுத்திரள் உருவங்களிலும், இயற்கையான நிழல் தெளிவாகத் தெரியாத அளவுக்கு அவை சிறியவையாதலால், நீர்த்த கருவண்ணத்தைப் பள்ளங்களில் ஓடவிட்டு, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடுகளைத் தடவி வெளிறச் செய்கின்றனர். இதைத் தட்டையுருவ மரபின் தொடர்ச்சியாகக் கொள்வதே பொருந்தும்.

காட்சிப்படுத்தும் வேட்கைக்கும் விளையாட்டு தேவைப்படவில்லை. வில்லியம் சைபோர்ன் 70,000க்கும் மேற்பட்ட சிற்றுருவங்களைக் கொண்டு அமைத்த வாட்டர்லூ போர்க்கள மாதிரி, 1838இல் லண்டனில் பார்வைக்கு வந்தபோது, எவரும் அதில் படைகளை நகர்த்தி ஆடவில்லை. எச். ஜி. வெல்ஸ் 1913இல் 'லிட்டில் வார்ஸ்' நூலில் ஆட்டத்தை இல்லத்துக்குக் கொண்டுவந்தார். ஆனால் அவர் பயன்படுத்திய பிரிட்டன்ஸ் ஈயப் பொம்மைகள் தொழிற்சாலையிலேயே வண்ணம் பெற்றவை. சுருள்வில் பீரங்கியால் சுட்டு வீழ்த்தும் அவ்வாட்டத்தில் நுண்ணிய வண்ணவேலை பிழைத்திருக்கவும் வாய்ப்பில்லை! 1950களில் கலிபோர்னியாவின் ஜாக் ஸ்க்ரூபி மலிவான உருவங்களை வார்த்து விற்றதும், 1962இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோனின் 'வார் கேம்ஸ்' நூல் வெளிவந்ததும் ஆட்டக்காரரே வண்ணக்காரரும் ஆகும் வழக்கத்தைப் பரப்பின. ஆகவே வண்ணக்கலையை இவ்விளையாட்டின் கிளையாகக் காட்டும் வரலாறுகள் வரிசையைத் தலைகீழாக்குகின்றன.

இம்மரபை நேரில் காண விரும்புவோர், பவேரியாவின் குல்ம்பாக் நகரிலுள்ள பிளாசன்பர்க் கோட்டைக்குச் செல்லலாம். அங்குள்ள வெள்ளீய உருவ அருங்காட்சியகத்தில் சுமார் 3 லட்சம் உருவங்கள் உள்ளன.